முதியோரும் சிறுகதைப் போட்டியும்

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்திலிருந்து 1930ஆம் ஆண்டு நா. பொன்னையா அவர்கள் ‘ஈழகேசரி’ என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். அப்பத்திரிகை ஆற்றிய நற்பணிகள் பல. இளைஞருக்கும் மாணவருக்கும் தனியிடம் ஒதுக்கி, அவர்களை எழுதத் தூண்டியமை அவற்றுள் ஒன்று. அவ்விடத்தில் எழுதிப் பழகிய இளைஞர் சிலர் 1943ஆம் ஆண்டு மறுமலர்ச்சிச் சங்கம் கண்டனர். 1946 முதல் 1948 வரை ‘மறுமலர்ச்சி’ என்னும் இதழை நடத்தினர். வரதர், அ. செ. முருகானந்தன், அ. ந. கந்தசாமி முதலிய பெயர்கள் ஈழத்துச் சிறுகதை வரலாற்றில் இடம்பெற்றமைக்கு அன்று கிடைத்த ஊக்கமும் ஒரு காரணம். அவர்களிடம் திறமை இருந்தது. ஆனால் திறமை தானே தாளில் இறங்கிவிடுவதில்லை. அதற்கு ஓர் இடம் வேண்டும். ஒரு தவணை வேண்டும். ‘எழுதுக’ என்று அழைக்கும் ஒரு குரல் வேண்டும்.

இளமைக்குக் கிடைத்த இவ்வழைப்பு முதுமைக்கும் கிடைத்தல் வேண்டும் என்பதே முதியோர்க்கான சிறுகதைப் போட்டிகளின் அடிப்படை. பொழுது போகாத கிழவர்களுக்குப் பொழுதுபோக்கு என்று இதனை எளிதாக எண்ணிவிடுவோர் உண்டு. பிற ஊர்களுக்கு அவ்வெண்ணம் ஓரளவு பொருந்தினும் பொருந்தலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பொருந்தாது. ஏன் என்பதைச் சிறிது விரிவாக நோக்குதல் தகும்.

இன்று எழுபத்தைந்து வயதை எட்டியிருக்கும் ஒருவர் 1950ஆம் ஆண்டளவிற் பிறந்தவர். 1945இல் இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதன் பயனாக, முன்னர் பாடசாலை வாயிலை எட்டிப் பார்க்கவும் இயலாதிருந்த எத்தனையோ குடும்பங்களின் பிள்ளைகள் எழுத்தறிவு பெற்றனர். தாய்மொழியிலேயே பாடங்களைக் கற்றனர். ஆகவே இவர்கள் எழுதத் தெரியாதவர்கள் அல்லர், எழுதுமாறு கேட்கப்படாதவர்கள். உபாத்தியாயர், எழுதுவினைஞர், தபாலதிபர், தோட்டக்காரர், மீனவர், தையற்காரி, ஏழு பிள்ளைகளை வளர்த்தெடுத்த தாய் எனப் பல தொழில் செய்து இளைப்பாறியிருக்கும் இவர்களுள் பெரும்பாலோர் கடிதமும் கணக்கும் தவிர வேறொன்றும் எழுதியதில்லை.

இவர்கள் கண்டவையோ பல. துலா மிதித்து நீர் இறைத்த தோட்டங்களைக் கண்டவர்கள் இவர்கள். ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க, ஏனையோர் செவி கொடுத்தபடியே கை ஓயாமற் சுருட்டுச் சுற்றிய கொட்டில்களை அறிந்தவர்கள். தட்டிவானில் மரக்கறிக் கூடைகளுக்கிடையே நெருங்கி இருந்து சந்தைக்குப் போனவர்கள். 1964ஆம் ஆண்டு டிசெம்பர் மாதச் சூறாவளியைச் சிறு வயதிற் கண்டு நடுங்கியவர்கள். 1970களில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது மிளகாயும் வெங்காயமும் பயிரிட்டுத் தலை நிமிர்ந்த குடும்பங்களில் வாழ்ந்தவர்கள். 1990இன் பின் மின்சாரமற்ற இரவுகளில், சிறு போத்தலிற் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டுத் திரி கொளுத்திப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். துவிச்சக்கரவண்டியின் டைனமோவைக் கையாலும் காலாலும் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டவர்களும் இவர்களே. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுகளைப் பூட்டிவிட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, அக்கூட்டத்தில் மூட்டையும் முதியோரும் குழந்தைகளும் சுமந்து சென்றவர்கள் இவர்களே.

இவற்றைப் பற்றிய எழுத்துச் சான்றுகள் எங்கே? 1981ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும், அவற்றுடன் கிடைத்தற்கரிய ஏட்டுச் சுவடிகளும் பழைய பத்திரிகைகளும் சாம்பராயின. ‘ஈழநாடு’ பத்திரிகைக் காரியாலயமும் அந்நாட்களில் எரிந்தது. பின்னர் வந்த போர்க் காலத்தில், வீட்டுப் பெட்டகங்களில் இருந்த கடிதங்கள், நாட்குறிப்புகள், புகைப்படங்கள், காணி உறுதிகள் ஆகியவை இடப்பெயர்வுதோறும் தொலைந்தன. நூலகத்தை மீண்டும் கட்டலாம், கட்டியும் ஆயிற்று. ஒரே பிரதியாக இருந்த ஒரு நாட்குறிப்பை மீண்டும் அச்சிட எவராலும் இயலாது. தாளில் இருந்தவை அழிந்த நாட்டில், மனத்தில் இருப்பவையே எஞ்சிய சுவடிகள். அச்சுவடிகளுக்கு வயது எழுபது, எண்பது, தொண்ணூறு. ஆண்டொன்று கழிய அவற்றுட் சில இல்லாமற் போகின்றன. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வாழ, கேட்க ஆளின்றிப் போகும் கதைகள் அவற்றுடன் மறைகின்றன.

வாழ்நாளெல்லாம் எழுதாதவர் முதுமையில் எழுத இயலுமா என்னும் ஐயம் எழுவது இயல்பு. முதுமையின் நினைவு எத்துணைத் தெளிவுடையது என்பதற்குத் தமிழிலேயே சான்று உண்டு. மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் 1940ஆம் ஆண்டு ஆனந்த விகடனில் ‘என் சரித்திரம்’ எழுதத் தொடங்கியபோது அவருக்கு 85ஆம் வயது நடந்துகொண்டிருந்தது. 1942இல் அவர் மறைந்தமையால் அந்நூல் முற்றுப்பெறவில்லை. ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வியின் நிலையை, திண்ணைப் பள்ளியை, ஆசிரியர் வீட்டு வாழ்க்கையை அறிய விரும்புவோர் இன்றும் அந்நூலையே நாடுகின்றனர். ஐயரவர்கள் முன்னரே எழுத்திற் பழகியவர் என்பது மெய். ஆனால் அவர் சொல்லிய செய்திகள் எழுபது ஆண்டுகளுக்கு முந்திய நினைவிலிருந்து வந்தவை.

குடாநாட்டிலிருந்தும் சான்று காட்டலாம். டொமினிக் ஜீவா 1927இற் பிறந்தவர். யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் நிலையத்தில் உழைத்தவாறே கதை எழுதியவர். 1966 முதல் ‘மல்லிகை’ இதழை நடத்தியவர். எழுபது வயதைக் கடந்தபின் அவர் ‘எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்’ என்னும் பெயரிற் தம் வரலாற்றை எழுதினார். சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்ட ஒரு மனிதர் யாழ்ப்பாண நகரத்தை எவ்வாறு கண்டார் என்பதை வேறொருவர் எழுதியிருக்க முடியாது. கொக்குவிலிற் பிறந்த அ. முத்துலிங்கத்தின் வழி வேறு. அவருடைய முதற்றொகுதியாகிய ‘அக்கா’ 1964இல் வெளிவந்தது. அதன் பின் உத்தியோகம் அவரைப் பல நாடுகளுக்கு இழுத்துச் சென்றது. எழுத்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஓய்ந்திருந்தது. அடுத்த தொகுதியாகிய ‘திகடசக்கரம்’ 1995இல் வந்தபோது அவர் அறுபதை நெருங்கியிருந்தார். தமிழ் வாசகர் அவரைப் பெரிதும் அறிந்தது அதன் பின்னரே. கைவிட்ட எழுத்து முதுமையிற் கைகூடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா.

பிற நாடுகளில் இவ்வுண்மை நன்கு உணரப்பட்டுள்ளது. இங்கிலாந்தில் பெனலோப்பி பிற்ஸ்ஜெரால்ட் என்னும் பெண்மணி தம் முதல் நாவலை அறுபதாம் வயதில் வெளியிட்டார். 62ஆம் வயதில், 1979இல், புக்கர் பரிசு பெற்றார். யப்பானில் நற்சுகோ குறோடா என்பவர் 2013ஆம் ஆண்டு புகழ்பெற்ற அகுதகாவா பரிசைப் பெற்றபோது அவருக்கு வயது 75. புதிய எழுத்தாளரை அறிமுகம் செய்யும் பரிசு அது என்பது கவனித்தற்குரியது. அறுபது வயதுக்கு மேல் முதல் நாவல் எழுதுவோர்க்கென்றே போல் டோடே என்னும் எழுத்தாளர் நினைவாக இங்கிலாந்தில் ஒரு பரிசு 2019இல் முதன்முறையாக வழங்கப்பட்டது. அவரும் அறுபதாம் வயதிலேயே தம் முதல் நாவலை வெளியிட்டவர்.

முதியோர் பழங்கதை பேசுவதைத் தளர்ச்சியின் அடையாளம் என்று முன்னர் மருத்துவரும் கருதினர். அமெரிக்க உளமருத்துவர் றொபேட் பட்லர் 1963இல் எழுதிய கட்டுரையொன்றில் இக்கருத்தை மறுத்தார். வாழ்வின் இறுதிப் பகுதியை எய்தியவர் தம் வாழ்வை மீண்டும் புரட்டிப் பார்த்து, தீராத கணக்குகளைத் தீர்க்க முயல்வது இயற்கையான மனத்தொழில் என்றும், அதற்கு இடங்கொடுத்தல் வேண்டும் என்றும் அவர் விளக்கினார். ஏறத்தாழப் பத்து வயது முதல் முப்பது வயது வரை நிகழ்ந்தவையே முதுமையில் மிகத் தெளிவாக நினைவில் எழுகின்றன என்பதைப் பின்னைய ஆராய்ச்சிகள் காட்டின. நேற்றுக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்பதை மறந்த பாட்டி, தம் கலியாணப் பந்தலில் எவர் எவர் கோபித்துக்கொண்டு எழுந்து போயினர் என்பதை ஒன்றுவிடாமற் சொல்லும் வியப்புக்கு இதுவே காரணம்.

அப்படியாயின் வாழ்க்கை வரலாறு எழுதச் சொல்லலாமே, சிறுகதை எதற்கு என்று கேட்கலாம். இவ்வினாவுக்குரிய விடையிலேதான் இவ்விடயத்தின் உயிர் இருக்கிறது. யாழ்ப்பாணம் ஒருவரையொருவர் அறிந்த சமூகம். ஓர் ஊரின் பெயரையும் ஒரு வீதியின் பெயரையும் சொன்னால், இன்னாருடைய மகள், இன்னாருடைய மருமகன் என்று கேட்போர் கண்டுகொள்வர். சீதனத்தால் முறிந்த சம்பந்தம், வேலியால் மூண்ட வழக்கு, கிணற்றில் நீர் அள்ள மறுக்கப்பட்ட குடும்பம், தண்ணீர் கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பிய வீடு: இவற்றைப் பெயருடன் எழுத எவர் துணிவர்? போர்க் காலத்திலோ வாய் திறவாமையே பலருக்குப் பாதுகாப்பாக இருந்தது. அவ்வழக்கம் இன்னும் முற்றாக நீங்கிவிடவில்லை. இந்நிலையில் வரலாறு எழுதச் சொன்னால் முதியவர் பாதியை மறைப்பார். எஞ்சிய பாதியை அலங்கரிப்பார். கதை எழுதச் சொன்னால் பெயரை மாற்றுவார், ஊரை மாற்றுவார், உண்மையை மாற்றார். ‘இது கதை’ என்னும் ஒரு சொல் அவருக்குக் குடையாகிறது. அக்குடையின் கீழ் நின்று, அறுபது ஆண்டுகள் சொல்லாத ஒன்றை அவர் சொல்லிவிட இயலும். எவருக்கும் பழி சேராமல் ஒரு சமூகம் தன்னைத் தானே அறிந்துகொள்ளும் வழி அது.

இனி, போட்டி எதற்கு என்பதும் விளக்கத்திற்குரியது. பரிசுப் பணம் அதன் சிறு பகுதியே. போட்டி நான்கு நன்மைகளைச் செய்கிறது. முதலாவது, தவணை: ‘எப்போதாவது எழுதுவேன்’ என்பது ‘இம்மாத இறுதிக்குள்’ என்று ஆகிறது. இரண்டாவது, அளவு: ஆயிரம் அல்லது ஆயிரத்தைந்நூறு சொற்கள் என்னும் எல்லை, முழு வாழ்வையும் எழுதும் மலைப்பைப் போக்குகிறது. மூன்றாவது, பெயர் மறைப்பு: எழுதியவர் இளைப்பாறிய அதிபரா, கூலி வேலை செய்தவரா என்பது நடுவருக்குத் தெரிவதில்லை. யாழ்ப்பாணத்தில் இதன் பெறுமதியைச் சொல்ல வேண்டியதில்லை. நான்காவது, வாசகர்: வீட்டார் கேட்டுச் சலித்த கதையை, அறியாத மூவர் பொறுமையுடன் வாசிக்கப் போகின்றனர் என்னும் நம்பிக்கை முதியவருக்குப் பிறக்கிறது.

போட்டிகள் இந்நாட்டுக்குப் புதியவை அல்ல. ‘தினகரன்’ முதலிய பத்திரிகைகளின் சிறுகதைப் போட்டிகள் பலரை எழுத்துலகிற்கு அறிமுகஞ் செய்தன. 2000ஆம் ஆண்டு தொடங்கிய ‘ஞானம்’ சஞ்சிகை, புலோலியூர் க. சதாசிவம் நினைவாகச் சிறுகதைப் போட்டிகளை நடத்தியுள்ளது. கலாசாரத் திணைக்களத்தின் சார்பிற் பிரதேச செயலகங்கள் நடத்தும் இலக்கியப் போட்டிகளும் உண்டு. ஆனால் அவற்றில் மாணவர்க்கு வயதுக்கேற்பப் பிரிவுகள் வகுக்கப்பட, வளர்ந்தோர் அனைவரும் திறந்த பிரிவு என்னும் ஒரே பந்தியில் அமர்த்தப்படுகின்றனர். இருபத்தைந்து வயதுப் பட்டதாரியும் எண்பது வயது மூதாட்டியும் ஒரே வரிசையில் நிற்பது சமத்துவம் போலத் தோன்றும். உண்மையில் மூதாட்டி அவ்வரிசைக்கு வருவதே இல்லை. அறுபதைக் கடந்த கலைஞர்களுக்கு அரசு ‘கலாபூஷணம்’ விருது வழங்குகிறது. அது செய்து முடித்த பணிக்குரிய கௌரவம். இன்னும் தொடங்காதவரைத் தொடங்கச் செய்யும் ஏற்பாடு வேறாக வேண்டும்.

அவ்வேற்பாட்டுக்குரிய அமைப்புகள் கையிலேயே உள்ளன. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் பின்னர், கிராமங்களில் முதியோர் சங்கங்கள் அமைந்தன. ஒக்டோபர் முதலாந் திகதி உலக முதியோர் தினம் ஆண்டுதோறும் கொண்டாடப்படுகிறது. அன்றைய விழாவில் பொன்னாடையும் உரையும் மட்டும் இருத்தல் போதாது; பரிசு பெற்ற ஒரு கதையும் வாசிக்கப்படலாம். ஊர்தோறும் உள்ள சனசமூக நிலையங்கள் வாசிகசாலையாக வளர்ந்தவை. மாதம் ஒரு பிற்பகல் அங்கே முதியோர் கூடிக் கதை சொல்லவும் எழுதவும் மேசையும் விளக்கும் ஆயத்தமாக உள்ளன. கைதடி முதியோர் இல்லம் போன்ற இடங்களில் வாழ்வோர்க்கும் இவ்வழைப்பு எட்டுதல் வேண்டும். கேட்போர் எவருமின்றி இருப்போரே சொல்ல மிகுதியும் உடையவர்.

விதிகளும் வயதறிந்து வகுக்கப்பட வேண்டும். கணினியில் தட்டச்சுச் செய்து அனுப்புக என்னும் ஒரு வரி, எத்தனையோ நல்ல கதைகளை வாயிலிலேயே நிறுத்திவிடும். கையெழுத்துப் பிரதி ஏற்கப்படுதல் வேண்டும். கை நடுங்குவோரும் கண் மங்கியோரும் சொல்ல, மற்றொருவர் எழுதுதலும் ஏற்கப்படுதல் வேண்டும். ஆங்கிலக் கவி மில்ரன் பார்வையிழந்த பின்னரே தம் பெருங்காப்பியத்தைப் பிறர் எழுதச் சொல்லி முடித்தார். தமிழில் அந்தகக்கவி வீரராகவ முதலியாரின் பெயரே போதிய சான்று. பேத்தி ஒருத்தி பாட்டி சொல்வதை எழுதும்போது, கதையோடு பாட்டியின் சொற்களும் அவளைச் சேர்கின்றன. ஒன்று மட்டும் கவனிக்கப்பட வேண்டும்: எழுதுபவர் பாட்டியின் பேச்சைப் பாடப்புத்தக நடைக்குத் திருத்தி விடலாகாது.

எழுத முனையும் முதியோர்க்கும் சில குறிப்புகள் பயன்படலாம். பிறந்த நாளிலிருந்து தொடங்குதல் முதற் பிழை. ஒரு வாழ்வில் நூறு கதைகள் உள்ளன. போட்டிக்கு வேண்டியது ஒன்றே. இடப்பெயர்வு முழுவதையும் எழுத முயல்வதைவிட, அன்று பூட்டிய வீட்டின் திறப்பை எழுதலாம்: அதை எவர் எடுத்துச் சென்றார், எந்த முடிச்சில் வைத்திருந்தார், திரும்பி வந்தபோது பூட்டும் கதவும் இருந்தனவா என்பதை எழுதலாம். யாழ்தேவியின் வரலாற்றை எழுதுவதைவிட, 1990இல் வண்டி நின்றபின் 2014இல் அது மீண்டும் யாழ்ப்பாணம் வரும்வரை, தண்டவாளமற்ற ஒரு நிலையத்தருகே கடை வைத்திருந்தவரின் ஒரு நாளை எழுதலாம். இரண்டாவது பிழை, முடிவில் உபதேசம் செய்தல். நீதியைக் கதை தானே உணர்த்தும். அதனை விளக்கத் தொடங்கினால் வாசகர் எழுந்து போய்விடுவர். மூன்றாவது, மறக்கப்பட்ட சொற்களைக் கண்டு கூசுதல். பட்டை, துலாக்கொடி, கடகம், நீத்துப்பெட்டி, குத்துவிளக்குக்கு இட்ட இலுப்பெண்ணெய் என்று வருஞ் சொற்கள் நாணத்தக்கவை அல்ல. அவையே கதைக்கு உடல்.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. துயரை எழுதுதல் மனத்துக்கு நன்மை தரும் என்பதை ஜேம்ஸ் பெனபேக்கர் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் 1986இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது. தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் தம் துயரனுபவங்களை எழுதிய மாணவர்கள், பின்வந்த மாதங்களில் மருத்துவரை நாடியது குறைந்தது. ஆனால் எழுதி முடித்த உடனே அவர்தம் மனம் முன்னரினும் கனத்திருந்தது என்பதையும் அவ்வாய்வே கூறுகிறது. பிள்ளையை இழந்த தாயிடம் அவ்விழப்பையே எழுதுக என்று தலைப்பிட்டுக் கேட்பது தகாது. தலைப்புகள் சிறியனவாகவும் விரிந்தனவாகவும் அமைதல் நன்று: ஒரு கிணறு, ஒரு கடிதம், ஒரு மழைநாள். எவ்வளவு ஆழம் இறங்குவது என்பதை எழுதுபவரே முடிவு செய்யட்டும். தனித்து எழுதுவதினும், அருகில் ஆறுதல் சொல்லத் தெரிந்தோர் இருக்க எழுதுவது பாதுகாப்பானது.

நடுவர்கள் வயதுக்கு இரங்கிப் புள்ளி வழங்குதலும் முறையன்று. இரக்கத்தால் வந்த பரிசை முதியவர் உடனே அடையாளங் கண்டுகொள்வர். தனிப் போட்டி என்பது தனி வாயில் மட்டுமே. உள்ளே அளவுகோல் ஒன்றே. ஆயினும் ஓர் உதவி செய்யலாம். பரிசு பெறாத கதைகளுக்கும், இவ்விடம் நன்று, இவ்விடம் நீண்டுவிட்டது என்று நான்கு வரி எழுதி அனுப்பினால், அடுத்த ஆண்டு மேலும் நல்ல கதை வரும்.

அனைத்திலும் முக்கியமானது, வந்த கதைகள் யாவற்றையும் பேணுதல். பரிசு பெற்ற மூன்றை அச்சிட்டு ஏனையவற்றைக் கட்டி மூலையில் வைத்தால், முன்னர் இழந்ததையே மீண்டும் இழப்பதாகும். இலக்கியத் தரத்திற் குறைந்த கதையொன்றில், வேறெங்கும் கிடையாத ஒரு சடங்கின் விவரமோ, மறைந்த ஒரு தொழிலின் நுட்பமோ இருக்கக்கூடும். 2005இல் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ என்னும் மின்னூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவிற் சேமித்து எவரும் படிக்கத் தந்துள்ளது. எழுதியவரின் சம்மதத்துடன் முதியோர் கதைகளும் அவ்வாறு பேணப்படுமாயின், நெருப்பு ஓரிடத்தில் மூண்டாலும் பிரதி மற்றோரிடத்தில் இருக்கும். வானொலிக்கும் இதிற் பங்கு உண்டு. ஆயிரம் சொற்கொண்ட கதையை நிதானமாக வாசிக்க ஏறத்தாழப் பத்து நிமிடம் செல்லும். கண் மங்கிய முதியோர் இன்னொரு முதியவரின் கதையைச் செவியாற் கேட்கும்போது, ‘இதைவிட நல்ல கதை என்னிடம் உண்டு’ என்று எண்ணாதிரார். அவ்வெண்ணமே அடுத்த கதையின் முதல் வரி.

சுன்னாகத்துப் பத்திரிகையொன்று இளைஞருக்கு ஒதுக்கிய சில பக்கங்களிலிருந்து ஓர் எழுத்துத் தலைமுறை தோன்றியது. இளைஞருக்குக் காலம் இருந்தது. இவ்வாண்டு எழுதாதவர் மறு ஆண்டு எழுதலாம். முதியோர் திறத்தில் அவ்வாறு தள்ளிவைக்க இடமில்லை. ஆகையால் சங்கங்களும் சனசமூக நிலையங்களும் தம் போட்டியை வருகின்ற முதியோர் தினத்திற்கே அறிவித்தல் நலம். போட்டி அறிவிக்கப்படும்வரை காத்திராது, வீட்டிலுள்ள இளையோர் ஒரு கொப்பியையும் பேனையையும் எடுத்துக்கொண்டு தம் அம்மம்மாவின் அருகில் இன்று மாலையே அமரலாம்.